நான் தைத்த கண்கள்

காடை வறுவல் என்று பலகையில் எழுதிப் போட்டிருந்தார்கள். காடை இல்லை அது.

வாயில் வைத்த மறு நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. மசாலாவைக் கொட்டிச் சிவக்கச் சிவக்கப் பொரித்திருந்தார்கள். ஆனாலும் மசாலாவுக்கு அடியில் ஒரு சேற்று வாடை இருந்தது. குளம் வற்றி, கடைசித் தண்ணீரும் வெயிலில் காயும்போது கரையில் நின்றால் வருமே, அந்த வாடை. தட்டில் கிடந்த எலும்பை எடுத்துப் பார்த்தேன். காடைக்குக் கால் எலும்பு குட்டையாக இருக்கும். இது நீளமாக, துடைப்பக் குச்சி மாதிரி மெலிதாக இருந்தது. மடையான். எங்கள் பக்கத்து வயல்களில், கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, வரப்போரமாக மண்ணோடு மண்ணாக நிற்கும் கொக்கு.

எதிரே என் மகள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காரைக்காலில் கண் டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பும் வழி அது. உள்ளே பார்ப்பதற்காகச் சொட்டு மருந்து விட்டிருந்தார்கள். வெளிச்சம் பட்டாலே கூசுகிறது, சாயங்காலம் வரைக்கும் இப்படித்தான் இருக்கும் என்றாள். அவளுடைய கண்ணாடி என் கைப்பையில் இருந்தது. கண்ணாடி இல்லாமல் அவள் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் பார்வை அவள் மூக்குக்குத்தான் போகும். மூக்கின் இரண்டு பக்கமும் பள்ளம் விழுந்திருக்கிறது. இருபத்தோரு வயதுப் பெண். ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்தக் கனத்தைச் சுமக்கிறாள்.

பசிக்கிறது என்று அவள்தான் கடையில் நிறுத்தச் சொன்னாள். "எனக்கு எலும்பு தெரியாதும்மா, நீயே பிச்சுக் குடு" என்று வாயைத் திறந்தாள். முதல் துண்டை நான் ருசி பார்க்காமலே அவள் வாயில் வைத்தேன். இரண்டாவதைத்தான் நான் போட்டுக்கொண்டேன்.

"நல்லாருக்குல்லம்மா?"

எனக்கு வாய் சும்மா இருக்காது. பஸ் கண்டக்டரிலிருந்து ரேஷன் கடைக்காரர் வரைக்கும் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர். கடைக்காரரை அன்றைக்கு ஒரு வழி பண்ணியிருக்க வேண்டும். ஆனால் எலும்பைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு அடுத்த துண்டைப் பிய்த்தேன். இருபத்தோரு வருஷமாக நான் வாயில் வைக்காத கறி அது.

எங்கள் ஊர் குரும்பகரம் பக்கம். ஆற்றுத் தண்ணீர் கடலுக்குப் போகும் முன்னால் கடைசியாக எட்டிப் பார்க்கும் இடம் எங்கள் வாய்க்கால். மேலே இருக்கிறவர்கள் எல்லாம் குடித்து மிச்சம் இருந்தால் எங்களுக்கு. நான் இவளை வயிற்றில் சுமந்த வருஷம் மிச்சம் எதுவும் இல்லை. குறுவை போடவே இல்லை. சம்பா விதைத்து, பயிர் நன்றாகத்தான் வந்தது. பால் பிடிக்கிற நேரத்தில் தண்ணீர் நின்றுபோனது. தை மாதம் வயலில் இறங்கிக் கதிரைக் கசக்கிப் பார்த்த என் வீட்டுக்காரர், கையை விரித்துக் காட்டினார். வெறும் பதர். காற்றில் பறந்து போனது.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான், அவர், அவருடைய அம்மா. எனக்கு அப்போது நான்காம் மாதம். சுகாதார நிலையத்தில் நர்ஸம்மா என் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரத்தமே இல்லியேம்மா ஒடம்புல. கறி, முட்டை, ஈரல்னு சாப்பிடுங்க. இப்படியே போனா பிரசவத்துல ரெண்டு உசுருக்கும் ஆபத்து." அவர் சொன்னது சரிதான். ஈரல் எந்த மரத்தில் காய்க்கிறது என்றுதான் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சு, மூச்சு எல்லாம் என் ரத்தம்தான். என் வீட்டுக்காரர் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு எலி வளை தோண்டப் போனார். அந்த வருஷம் எங்கள் வயலில் அறுவடை செய்தது எலிகள் மட்டும்தான். வளைக்குள் ஒரு முழம் இரண்டு முழம் உள்ளே, தேறிய கதிராகப் பார்த்துக் கொண்டுபோய் அடுக்கி வைத்திருக்கும். அதையும் எடுத்துக்கொண்டோம், எலியையும் எடுத்துக்கொண்டோம். தீயில் வாட்டி, மஞ்சள் தடவி, மிளகு அரைத்துப் போட்டு மாமியார் சமைப்பார். முதல் தடவை குமட்டியது. இரண்டாம் தடவை எப்போது வேகும் என்று அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எலி தீர்ந்ததும் நத்தை. அவித்து, ஊக்கால் நோண்டி எடுத்து, சாம்பலும் உப்பும் போட்டு அலசினாலும் கொழகொழப்பு போகாது. அதுவும் தீர்ந்ததும், வெடித்த குளத்து மண்ணைக் கிளறிக் கொட்டிக்கிழங்கு. கடலோரத்துக் கோட்டுச்சேரிமேட்டுக்குப் போய் வலை இழுத்துக் கொடுத்தால் கை நிறைய மீன் தருவார்கள். சித்திரை பிறந்ததும் மீன்பிடித் தடைக்காலம் வந்து அதுவும் நின்றது.

மாமியாருக்கு ஒரு கவலை இருந்தது. பெண்டாட்டி மாசமாக இருக்கும்போது புருஷன் உயிரைக் கொல்லக் கூடாது, ஆணி அடிக்கக் கூடாது, ஊசி நூல் எடுத்து எதையும் தைக்கக் கூடாது. செய்தால் பிள்ளைக்குக் குறை விழும். எங்கள் ஊரில் ஒருவர், மனைவி சுமந்துகொண்டிருக்கும்போது ஆட்டுக்குட்டியின் காதை அறுத்து அடையாளம் வைத்தாராம், பிள்ளை காது மடிந்து பிறந்ததாம். அந்தப் பிள்ளைக்கு இப்போது ஐம்பது வயது இருக்கும். நானே பார்த்திருக்கிறேன், காது மடிந்துதான் இருக்கிறது. அதனால் எங்கள் வீட்டில் ஓர் ஏற்பாடு நடந்தது. அவர் வளையைத் தோண்டுவார், எலியைச் சாக்கில் உயிரோடு கொண்டுவருவார், மாமியார் கொல்லுவார். சாமியை ஏமாற்ற எங்கள் ஊரில் வக்கீல் தேவையில்லை.

சித்திரை வெயிலில் ஊரைச் சுற்றியிருந்த குட்டையெல்லாம் வற்றியது. ஒரே ஒரு குளத்தில் மட்டும் நடுவில் முழங்கால் தண்ணீர் நின்றது. எங்கெங்கோ இருந்த மடையானெல்லாம் அந்தத் தண்ணீருக்கு வந்து சேர்ந்தன. போலகம் பக்கத்தில் கொக்கு பிடிக்கிற ஒருவர் இருந்தார், என் வீட்டுக்காரரோடு அறுப்பு வேலைக்குப் போனவர். கிழிந்த வலை ஒன்றைக் கொடுத்து, வேலையையும் சொல்லிக் கொடுத்து அனுப்பினார்.

வேலை இதுதான். முதலில் ஒரு மடையானை உயிரோடு பிடிக்க வேண்டும். இறக்கைச் சிறகைக் கத்தரித்து, காலில் கயிறு கட்டி, தண்ணீர் ஓரமாக முளையடித்து நிறுத்த வேண்டும். ஒன்று அசையாமல் நிற்கிறதென்றால், இங்கே பயமில்லை என்று நம்பி மற்றவையும் பக்கத்தில் இறங்கும். அப்போது வலையை இழுத்துவிட வேண்டும். ஆனால் கட்டி வைத்தது ஆளைப் பார்த்துவிட்டால் படபடவென்று அடித்துக்கொள்ளும். மற்றவை பறந்துவிடும். அது அசையாமல் நிற்க வேண்டுமென்றால் அதற்குக் கண் தெரியக் கூடாது. இரண்டு கண்ணையும் தைத்துவிட வேண்டும்.

என் வீட்டுக்காரர் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். நண்பகல். கொல்லையில் நுணா மர நிழலில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். அவர் அதன் உடம்பைத் துண்டில் சுருட்டி மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மாமியார் ஊசியை எடுத்தார். அவருக்குக் கண் பார்வை மங்கல். நூல் கோத்துக் கொடுத்ததே நான்தான். முதல் குத்தே தப்பி இமை ஓரத்தில் ரத்தம் கட்டியது. அது கத்திய கத்தலில் மாமியார் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "எனக்குத் தெரியலடா" என்று ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

"இங்க குடுங்க, நானே தச்சுடறேன்" என்று என் வீட்டுக்காரர் கையை நீட்டினார்.

"தொடாதடா! புள்ளத்தாச்சிய வச்சுகிட்டு ஊசியத் தொடுறியே, அறிவிருக்கா ஒனக்கு?"

கொக்கு அவர் மடியில் கிடந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. மஞ்சள் கண். நான் பிளவுஸுக்குக் கொக்கி வைத்துக் கொடுத்து, ஓரம் அடித்துக் கொடுத்துத்தான் வீட்டுக்கு உப்பு புளி வாங்கிக்கொண்டிருந்தேன். அந்தத் தெருவில் என் அளவுக்குச் சின்னத் தையல் போடுகிறவர்கள் யாரும் இல்லை. புருஷன் தைக்கக் கூடாது என்றுதானே சொன்னார்கள். பெண்டாட்டி தைக்கலாமா கூடாதா என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. வயிற்றுப் பிள்ளைக்காரி ஒருத்தி இப்படி ஒரு காரியத்துக்கு உட்காருவாள் என்று அந்தக் காலத்தில் யாருக்கும் தோன்றியிருக்காது, அதனால் சொல்லவில்லை. இது எனக்கு இப்போது புரிகிறது. அன்றைக்கு என் புத்தி வக்கீல் புத்தியாகத்தான் வேலை செய்தது.

"நான் தைக்கிறேன் அத்தை" என்றேன்.

மாமியார் என்னைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அதற்காக நான் அவரைப் பல வருஷம் மனதுக்குள் திட்டியிருக்கிறேன். சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன் என்பதுதான் உண்மை. பசி எனக்கு.

கொக்குக்குக் கீழ் இமைதான் மேலே ஏறி மூடும். அந்த இமையில் ஊசியைக் கோத்து, நூலைத் தலைக்கு மேலே கொண்டுபோய், அந்தப் பக்கத்துக் கண்ணின் இமையிலும் கோத்து, உச்சியில் இழுத்து முடிச்சுப் போட வேண்டும். இழுக்க இழுக்க இரண்டு இமையும் ஏறி மூடிக்கொள்ளும். இமை வெங்காயத் தோல் மாதிரி இருந்தது. என் கை நடுங்கவில்லை. அதைத்தான் நான் இன்னும் மறக்கவில்லை. ஒரு துளி ரத்தம் வராமல் தைத்தேன். கடைசி முடிச்சுப் போடும்போது வயிற்றில் இவள் ஒரு உதை உதைத்தாள். அவ்வளவு பலமாக அதுவரைக்கும் உதைத்ததில்லை. நான் பல்லால் நூலைக் கடித்துத் துண்டித்தேன்.

என்னிடம் இருந்தது ஒரே ஊசி. மறுநாள் அதைக் கொண்டே ஒரு கல்யாணப் பெண்ணின் பிளவுஸுக்குக் கொக்கி வைத்துக் கொடுத்தேன்.

அதற்குப் பெயர் ஒன்றும் வைக்கவில்லை. "கட்டிவச்சது" என்போம். கட்டிவச்சதுக்குத் தீனி வச்சாச்சா, கட்டிவச்சது தண்ணி குடிச்சுதா, இவ்வளவுதான். தீனி வைப்பது என் வேலையாயிற்று. தவளைக் குஞ்சு, வெட்டுக்கிளி, குளத்துச் சேற்றில் துள்ளும் பொடி மீன். முதல் இரண்டு நாள் வாயைப் பிளந்து திணித்தேன். மூன்றாம் நாள் என் கால் சத்தம் கேட்டதும் அதுவே வாயைத் திறந்தது. அதற்குப் பிறகு வேறு யார் கொடுத்தாலும் வாங்காது.

வேலை நன்றாக நடந்தது. காலையில் அவர் அதைக் கூடையில் போட்டு எடுத்துப் போவார். வெயில் ஏறுவதற்குள் நான்கோ ஐந்தோ உயிரோடு சாக்கில் வரும். மாமியார் கழுத்தைத் திருகுவார். இரண்டை நாங்கள் சமைப்போம், மற்றதை அரிசி இருக்கிற வீடுகளில் கொடுத்து அரிசி வாங்குவோம். நல்ல கறி. பொய் சொல்லக் கூடாது, அவ்வளவு ருசியாக நான் அதற்கு முன்னும் சாப்பிட்டதில்லை, பின்னும் சாப்பிட்டதில்லை. எலும்பை மென்று சக்கையைத்தான் துப்புவேன். எட்டாம் மாதம் நர்ஸம்மா இமையை இழுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பாத்தீங்களா, சொன்னபடி சாப்பிட்டா ரத்தம் தானா ஏறுது."

அவர் இமையில் விரலை வைத்த அந்த நிமிஷம்தான் எனக்குப் பயம் வந்தது. அதுவரைக்கும் பசி இருந்ததால் பயத்துக்கு இடமில்லாமல் இருந்தது போலிருக்கிறது. வயிறு நிறைந்ததும் வந்து உட்கார்ந்துகொண்டது. வீட்டுக்கு வந்து கொல்லைக்குப் போனேன். கால் சத்தம் கேட்டு அது வாயைத் திறந்தது. நான் தீனி எதுவும் கொண்டுபோகவில்லை. அது வாயைத் திறந்தபடியே நின்றது. உள்ளே ஒன்று கண் தெரியாமல் கிடந்து நான் தின்பதைத் தின்கிறது, வெளியே ஒன்று கண் தெரியாமல் நின்று நான் கொடுப்பதைத் தின்கிறது. இந்த நினைப்பு அன்றைக்கு வந்தது. அப்புறம் போகவே இல்லை. நூலை அறுத்துவிட்டிருக்கலாம். இன்னும் ஒரு மாதம்தானே, குளத்தில் தண்ணீர் இருக்கும் வரைக்கும்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஆனி மாதம் காரைக்காலில் பெரிய ஆஸ்பத்திரியில் இவள் பிறந்தாள். சுகப்பிரசவம். நல்ல எடை. பெண் குழந்தை என்று நர்ஸ் கொண்டுவந்து காட்டினார். நான் முகத்தைத்தான் பார்த்தேன். இரண்டு கண்ணும் வீங்கி மூடியிருந்தன.

மறுநாள் சீழ் கட்டி இமை ஒட்டிக்கொண்டது. "நிறையப் பிள்ளைங்களுக்கு வர்றதுதான், மருந்து போடுறோம், சரியாயிடும்" என்றார்கள். அவர்கள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்ணுக்கும் அவள் முதல் பிள்ளைக்கு இப்படி இருந்ததாம். எல்லாருடைய பேச்சும் காதில் விழுந்தது, ஒன்றும் உள்ளே இறங்கவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைக்கத் துடைக்க மறுபடி ஒட்டியது. மூன்றாம் நாள் மாமியார் பார்க்க வந்தார். பேத்தியின் முகத்துக்கு வெகு பக்கத்தில் குனிந்து பார்த்தார். தன் முந்தானையை இழுத்து அதன் முகத்தை மூடினார். அவருக்கும் அதே நினைப்பு என்று தெரிந்துகொண்டேன்.

அன்றைக்குத்தான் நேர்ந்துகொண்டேன். எந்தச் சாமி என்று பேர் சொல்லவில்லை, சொல்ல வாய் கூசியது. 'இவளுக்குக் கண்ணைத் திறந்துவிடு, அதைப் பிரித்துப் பறக்க விட்டுவிடுகிறேன்.' இவ்வளவுதான் என் வேண்டுதல்.

நான்காம் நாள் காலையில் வலது கண் திறந்தது. மதியத்துக்குள் இடது கண்ணும். கறுப்பாக, ஈரமாக இரண்டு விழி. என்னைப் பார்க்கவில்லை, மேலே ஓடிய மின்விசிறியைப் பார்த்தாள். நான் அழுத அழுகையில் நர்ஸ் ஓடி வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் குழந்தையை மாமியார் மடியில் கொடுத்துவிட்டு நேராகக் கொல்லைக்குத்தான் போனேன். கூடையை நிமிர்த்தினேன். என் கால் சத்தம் கேட்டு வாயைத் திறந்தது. மெலிந்திருந்தது. நான் இல்லாத நாட்களில் அவர் திணித்ததில் பாதியைத் துப்பியிருக்கிறது. உச்சி முடிச்சை வெட்டி நூலை மெதுவாக உருவினேன். இமை அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த பஞ்சு என்னிடம் மிச்சம் இருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, என் பிள்ளைக்குத் துடைத்த மாதிரியே இதற்கும் துடைத்தேன். ஒரு கண் திறந்தது. மஞ்சள் நிறம் அப்படியே இருந்தது. இன்னொன்று வெள்ளையாகப் போயிருந்தது.

தூக்கிக்கொண்டுபோய் வரப்பில் விட்டேன். காலில் கயிறு இல்லை. போ என்றேன். கத்தரித்த சிறகு முளைக்கவில்லை, அது எப்படிப் பறக்கும்? அதுகூடத் தெரியாமலா நான் நேர்ந்துகொண்டேன்? தெரியும். தெரிந்துதான், முளைக்கும் வரைக்கும் வைத்துக் காப்பாற்றலாம் என்று நினைத்தேன். அது அந்த ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தது. நான் யார் என்று அதற்குத் தெரியவில்லை. நான் ஓர் அடி எடுத்து வைத்தேன். சத்தம் கேட்டதும் வாயைத் திறந்தது.

தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அந்த வாரம் குளத்தில் கடைசித் தண்ணீரும் போனது. மடையான்கள் ஒன்றுகூட இல்லாமல் எங்கோ கிளம்பிவிட்டன. தவளையும் இல்லை, பொடி மீனும் இல்லை. வீட்டில் அரிசிக் கஞ்சிதான். எனக்குப் பால் சுரக்கவில்லை. இவள் சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு வீறிட்டுக் கத்துவாள். கத்தக் கத்தக் கண்ணை இறுக மூடிக்கொள்வாள். மூடினால் எனக்கு உயிர் போய் உயிர் வரும்.

"பச்ச ஒடம்புக்காரி. வெறும் கஞ்சியக் குடிச்சா பால் எங்கேருந்து வரும்?" என்றார் மாமியார். சொல்லிவிட்டுக் கொல்லைப் பக்கம் பார்த்தார்.

"அது நேந்துகிட்டதும்மா. அத விட்டுடுங்க" என்றார் என் வீட்டுக்காரர். அவருக்கு மட்டும்தான் நான் என் வேண்டுதலைச் சொல்லியிருந்தேன்.

இரண்டு நாள் பார்த்தோம். மூன்றாம் நாள் இவள் கத்துவதை நிறுத்திவிட்டாள். கத்துகிற குழந்தைக்குப் பயப்பட வேண்டாம், கத்தாத குழந்தைக்குத்தான் பயப்பட வேண்டும் என்று அன்று புரிந்தது. தொட்டால்கூட அசையாமல் கிடந்தாள். அக்கம்பக்கத்தில் கேட்டிருக்கலாமே என்று இப்போது யாராவது கேட்கலாம். எல்லார் வீட்டிலும் அதே கஞ்சிதான். ஆஸ்பத்திரிக்குத் திரும்பப் போயிருக்கலாம். அதுவும் சரிதான். அன்றைக்கு எனக்கு ஒரு வழிதான் கண்ணுக்குத் தெரிந்தது. அது கொல்லையில் கூடைக்குள் இருந்தது.

"அறுத்துடுங்க அத்தை" என்றேன்.

என் வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். மாமியார் எழுந்திருக்கவில்லை. "எங்கிட்ட வராது. நீ கூப்புட்டாதான் வாயத் தொறக்கும், கழுத்த நீட்டும். நீ கொண்டா" என்றார். நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். போகிற வழியெல்லாம் அது என் கையில் சாதுவாக உட்கார்ந்திருந்தது.

பூண்டும் மிளகும் தட்டிப் போட்டு, நல்லெண்ணெயில் வதக்கிப் பத்தியமாக வைத்தார். ஒற்றைக் கொக்கில் என்ன இருக்கும்? ஒரு கிண்ணம்கூடத் தேறவில்லை. முழுவதையும் நான்தான் சாப்பிட்டேன். மறுநாள் காலையில் பால் வந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். ரவிக்கை நனையும் அளவுக்கு வந்தது. இவள் குடித்தாள், பிழைத்தாள், வளர்ந்தாள்.

என் வீட்டுக்காரர் இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டார். கடைசி இரண்டு வருஷம் அவருக்கு முழுக்கவே பார்வை இல்லை. இவளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்ததும் டீச்சர் என்னைக் கூப்பிட்டு, பிள்ளை பலகையில் மூக்கை ஒட்டிக்கொண்டுதான் எழுத்தைப் பார்க்கிறது என்று சொன்னார். அன்றிலிருந்து எத்தனை டாக்டர், எத்தனை கண்ணாடி. ஒவ்வொரு டாக்டரும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: "குடும்பத்துல யாருக்காவது இப்படி இருந்துதா?" மாமியாருக்கு இருந்தது என்பேன். டாக்டர் தலையாட்டி எழுதிக்கொள்வார். அது உண்மைதான். வழிவழியாக வருவது என்றுதான் அவர்கள் சொல்கிறார்கள், நானும் படித்துத் தெரிந்துகொண்டேன், நம்பவும் செய்கிறேன். ஆனாலும் இவள் சின்னப் பிள்ளையாகத் தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து விரலால் இமையைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பேன். பத்து வயது வரைக்கும் பார்த்திருக்கிறேன். ஒருநாள் விழித்துக்கொண்டு "என்னம்மா பண்றே?" என்று கையைத் தட்டிவிட்டாள். அதோடு நிறுத்தினேன். இன்றைக்கும் தையல்தான் என் பிழைப்பு. மெல்லிய துணியில் ஊசி இறங்கும்போது சில சமயம் கையை எடுத்துவிடுவேன்.

அந்தக் கடையில் உட்கார்ந்த அன்றைக்குக் காலையிலும் டாக்டரம்மா அதே கேள்வியைக் கேட்டார், நான் அதே பதிலைச் சொன்னேன். பவர் இன்னும் ஏறியிருக்கிறது, உள்ளே விழித்திரை மெலிந்திருக்கிறது, பயப்பட வேண்டாம், ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை தவறாமல் வந்து காட்டுங்கள் என்றார். பயப்பட வேண்டாம் என்று சொன்னால் நான் பயப்படாமல் இருந்துவிடுவேனா?

"என்னம்மா, பேச்சையே காணும்?" என்றாள் மகள், கண்ணைத் திறக்காமலே.

"இது காடை இல்ல. மடையான்."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

சொன்னேன். எல்லாவற்றையும் இல்லை. தண்ணீர் வராத வருஷம், எலி, நத்தை, கிழங்கு. அவள் முகத்தைச் சுளித்துச் சுளித்துச் சிரித்தாள். கொக்கு பிடித்ததைச் சொன்னேன். கட்டி வைத்ததைச் சொன்னேன். கண்ணைத் தைத்தது யார் என்று சொல்லவில்லை, தைத்துவிடுவார்கள் என்று மட்டும் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"ரெண்டு கண்ணையுமா?"

"ம்."

மூடிய இமைக்குள் அவள் விழி அசைவது எனக்குத் தெரிந்தது. ரோட்டில் லாரி ஒன்று போனது.

"பாவம்மா அது. அப்புறம் பிரிச்சு விட்டீங்களா?"

"நீ பொறந்ததும் பிரிச்சாச்சு."

"பறந்துச்சா?"

தட்டில் கடைசியாக இரண்டு துண்டு இருந்தன. அவள் முகம் என்னை நோக்கி நிமிர்ந்திருந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"பறந்துச்சு."

"அப்பாடா" என்றாள். பிறகு, தட்டை நான் நகர்த்திய சத்தம் கேட்டு, வாயைத் திறந்தாள்.